நழுவிய சில்லு

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையை அறிந்தவர்கள், அங்கே சமதரை என்பது எத்துணை அரிய பொருள் என்பதையும் அறிவார்கள். நமுனுகுல மலைச்சாரலில் தேயிலை நிற்கும், லயங்கள் நிற்கும். மற்றவை யாவும் உருண்டு கீழே போய்விடும். இத்தகைய ஊரில் ஒரு சிறுவனுக்கு விளையாட்டு லொறி கிடைத்தால், அதற்கு முதல் வேலை மேடு ஏறுவதாகத்தானே இருக்கும்?

அச்சிறுவன் என் அக்காள் மகன், வயது பத்து. அவனுடைய தகப்பனார் கட்டாரில் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளாக ஊர் வரவில்லை. அவர் அனுப்பிய லொறி, கையிலுள்ள கருவியின் வானொலி அலைக்குக் கட்டுப்பட்டு ஓடுவது. வந்த பத்தாம் நாளே அது படுத்துவிட்டது. மோட்டார் உறுமும், லொறி நகராது. பையன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் தகப்பனார் தொலைபேசியில் முகம் காட்டி, "லொறி ஓடுதாடா?" என்று கேட்பார். "ஓடுதுப்பா" என்பான். இரண்டு ஞாயிறுகள் இவ்வாறு கழிந்தன. மூன்றாவது ஞாயிறு நெருங்குகையில் என்னிடம் வந்து, "மாமா, நான் உடைச்சிட்டேன்" என்று அழுதான்.

நான் செய்த முதற்காரியம் பிழையான காரியம். வலப்புறப் பின்சில்லு அச்சிலே நழுவுவதைக் கண்டேன். உடனே சூப்பர் குளூ வாங்கி இரண்டு சொட்டு விட்டேன். அரை நாள் ஓடிற்று. பிறகு லயத்து மேட்டில் பாதி ஏறியதும் பழைய உறுமல்தான். போதாக்குறைக்குப் பசை உள்ளே வழிந்து பெயரிங்கையும் இறுக்கிவிட்டிருந்தது.

திண்ணையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் தகப்பனார், "பசை போட்டு ரோலர் ஓட்டின ஆளை நீ எங்கேயாச்சும் பார்த்திருக்கியா?" என்று கேட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பதாண்டுகள் பிட்டராக இருந்தவர் அவர். இப்பொழுது கை நடுக்கம், கண்ணும் மங்கல். ஆயினும் லொறியைத் தம் மடியில் வாங்கிக்கொண்டார்.

அவர் செய்த சோதனை மிக எளியது. அச்சின் நுனி, நடுக்குடம், சில்லின் வளையம் மூன்றுக்கும் குறுக்கே சோக்கட்டியால் ஒரே கோடு இழுத்தார். லொறியை ஓட்டச் சொன்னார். நிறுத்திப் பார்த்தபோது குடத்துக் கோடும் சில்லுக் கோடும் சேர்ந்தே இருந்தன. அச்சின் கோடு மட்டும் எங்கோ போயிருந்தது. எனவே சில்லில் குற்றமில்லை. அச்சுக்கும் குடத்துக்கும் இடையில்தான் பிணக்கு.

மாட்டு வண்டியில் அச்சு அசையாது நிற்க, குடம் அதன்மேல் தாராளமாகச் சுழலும். கடையாணி சில்லு கழன்றுபோகாமல் காப்பதோடு சரி. லொறியின் பின்சில்லு அவ்வாறன்று. அச்சுதான் அதைத் திருப்பவேண்டும். அதற்காக அச்சில் குறுக்கே துளையிட்டு 2 மில்லிமீற்றர் ஊசி ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். அறுகோணக் குடத்தின் பின்புறமுள்ள பள்ளம் அவ்வூசியைக் கவ்வும். குடத்தைச் சில்லின் அறுகோணக் குழி கவ்வும். குடத்தின் எதிர்ப் பக்கங்களுக்கிடையே 12 மில்லிமீற்றர். பத்திலொரு பங்கு அளவிலான லொறிகளிலும் கார்களிலும் பெரும்பாலும் இவ்வளவுதான். எங்கள் லொறியின் சில்லு 100 மில்லிமீற்றர் விட்டம். ஊசியோ 10 மில்லிமீற்றர் நீளம். ஆகவே தரையைச் சில்லு தள்ளும் விசையைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத விசை ஊசியின் இரு நுனிகளிலும் சேர்ந்து விழுகிறது. அதைத் தாங்க வேண்டிய பள்ளமோ வெறும் பிளாஸ்டிக்! அது தேய்ந்து அகன்று, ஊசி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு சில்லு நழுவினால் மற்றச் சில்லு தள்ளக்கூடாதா என்று கேட்டேன். இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. எந்தப் பக்கம் தடையின்றிச் சுழல்கிறதோ அந்தப் பக்கமே ஓட்டமெல்லாம் போய்விடும் என்றார். சேற்றில் ஒரு சில்லு புதைந்த லொறியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

தொழிற்சாலையில் தண்டுக்கும் கப்பிக்கும் இடையே ஓர் இரும்புக் கட்டையைச் செருகுவார்கள். அதற்குக் 'கீ' என்று பெயர். அது அறுந்தால் தண்டு சுற்றும், கப்பி நிற்கும், ரோலருக்குள் கொழுந்து சூடேறிக் கெடும். "ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கூப்பிடுவாங்க" என்றார் அப்பா. அந்நாட்களில் அவர் எழுந்து போவது எனக்கும் நினைவிருக்கிறது. திரும்பி வருவது நினைவில்லை, தூங்கியிருப்பேன்.

பதுளைப் பட்டறையொன்றில் 13 மில்லிமீற்றர் பித்தளை அறுகோணத் துண்டு கிடைத்தது. கடைசல்காரர் நடுவே 5 மில்லிமீற்றர் துளையிட்டுத் தந்தார். மீதி அரத்தின் வேலை. ஒவ்வொரு பக்கத்திலும் அரை மில்லிமீற்றர் குறைக்கவேண்டும். ஊசிக்குப் பள்ளமும் அறுக்கவேண்டும். அப்பாவின் கை நடுங்கிற்று. பையனைக் கூப்பிட்டு அரத்தை அவன் கையில் கொடுத்து, அவன் கைமேல் தம் கையை வைத்துக்கொண்டார். இரண்டு மாலைகள் சென்றன. அவசரப்பட்டு நான் தேய்க்கப் போனபோது இருவருமே என்னைத் துரத்தினர்.

திருகாணிகளை இறுக்கிப் பிடிக்கும் திரவம் ஒன்றுண்டு. அமெரிக்கப் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் 1953இல் உருவாக்கியது. காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால் இறுகும். மோட்டாரின் பற்சில்லைப் பிடிக்கும் திருகாணிக்கு ஒரு துளி விட்டோம். பிளாஸ்டிக்கில் பட்டால் சிலவகை வெடித்துவிடும். ஆகவே சில்லுப் பக்கம் கொண்டுபோகவில்லை. அங்கே நைலோன் வளையமுள்ள புதிய நட்டே போதுமாயிருந்தது.

ஞாயிறன்று லொறி ஒரு கைப்பிடிக் கொழுந்தைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறிற்று. நான் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தேன்.

"அந்த ஒரு சில்லு நடுவுல மட்டும் என்னடா மஞ்சளா மின்னுது?" என்று கட்டாரிலிருந்து குரல் வந்தது.

பையன் என்னைப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான். பிறகு தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அப்பா, ஒரு விஷயம் சொல்லணும், ஏசக் கூடாது" என்று தொடங்கினான்.