குழல்வாயில் ஒரு பிசிறு

எங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறை அறையில் இரண்டு காற்றுத் துப்பாக்கிகள் உண்டு. ஒன்று ஓரளவு புதியது. மற்றொன்று எங்கள் பணிக்காலத்தைவிட மூத்தது. இரண்டுமே குழலை மடக்கிச் சுருள்வில்லை இறுக்கும் பழைய வகையைச் சேர்ந்தவை. துப்பாக்கிப் பயிற்சிக்குப் பொறுப்பாசிரியர்களாக எங்கள் இருவரையும் போட்டபோது, தமிழ்த்துறைக்கும் இயற்பியல் துறைக்கும் இங்கே என்ன வேலை என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். எங்களுக்கும் விடை தெரியவில்லை. தெரியவந்த விதம் அத்தனை பெருமைக்குரியதன்று. அதனாலேயே எழுதிவைக்கத் தோன்றுகிறது.

பயிற்சிக்கு வந்த மாணவியருள் ஒருவர் கடைசியாகச் சேர்ந்தவர். புதிய துப்பாக்கி மூத்தவர்களுக்கு என்பது எழுதப்படாத வழக்கம். ஆகவே பழையது அவருக்கு வாய்த்தது. பத்து மீட்டர் தொலைவில் அவர் சுடும் ஐந்து குண்டுகளும் அட்டையில் உள்ளங்கையளவு சிதறிக் கிடக்கும். "கை ஆடுதும்மா" என்றோம். செங்கல்லை நீட்டிப் பிடித்துப் பழகச் சொன்னோம். மூன்று மாதம் பழகினார். சிதறல் குறையவில்லை. கல்லூரி அணிக்கான தேர்வில் அவர் பெயரை நாங்களே அடித்தோம். "என் கைதான் சார் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஊர்த் திருவிழாவில், பலூன் சுடும் கடையின் முன் தம்பியோடு அவர் நிற்கக் கண்டோம். அந்தக் கடைத் துப்பாக்கிகளின் நேர்மையை நாம் எல்லோரும் அறிவோம். முதல் இரண்டு குண்டுகளும் இடப்புறம் விலகிப் போயின. மூன்றாவது முறை அவர் குழலைச் சற்றே வலப்புறம் நகர்த்திக் குறி வைத்தார். அதன்பின் ஏழு பலூன்கள் வரிசையாக வெடித்தன. தம்பி குதித்துக்கொண்டிருந்தான். நாங்கள் அவர் கண்ணில் படாமல் நகர்ந்துவிட்டோம்.

வழியில் இயற்பியல் நண்பர் சொன்னதை அப்படியே தருகிறோம்: "அந்தக் கடைத் துப்பாக்கி பொய் சொல்லுது. ஆனா ஒரே பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுது. அதைத் திருத்திக்கலாம். நம்ம துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் வேற பொய் சொல்லுது. அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

மறுநாள் அறையைப் பூட்டிக்கொண்டு துப்பாக்கியை ஆராய்ந்தோம். உள்ளே குண்டில்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்டோம். மடக்கிய குழலைக் கையை விட்டு எடுக்கவில்லை; வில் தெறித்தால் விரல் போய்விடும். முதலில் குழல் மடங்கும் கீலின் ஆணி. அதில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தது. முடுக்கியதும் நின்றது. அடுத்து, குழலும் காற்றறையும் சந்திக்கும் இடத்தில் உள்ள வாஷர். அவ்விடத்தில் முகப்பவுடர் தூவிச் சுட்டுப் பார்த்தோம். தூள் பறந்தது, காற்றுக் கசிகிறது என்று பொருள். புது வாஷர் போட்டோம். சிதறல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தீரவில்லை.

பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குழல்வாயின் உள்விளிம்பில் மெல்லச் சுழற்றினோம். ஓரிடத்தில் பஞ்சு இழை சிக்கிக்கொண்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு சிறு நசுங்கல், அதன் மேல் ஒரு பிசிறு. யாரோ, எத்தனையோ ஆண்டுகளாக, துப்பாக்கியைத் தலைகீழாகச் சிமெண்டுத் தரையில் ஊன்றிச் சுவரில் சாத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவு சிறிய பிசிறு என்ன செய்துவிடும்? காற்றுத் துப்பாக்கியின் ஈயக் குண்டு 4.5 மில்லிமீட்டர் விட்டமுடையது. இடை ஒடுங்கி, பின்புறம் பாவாடைபோல் விரிந்திருக்கும். காற்றழுத்தம் அந்தப் பாவாடையைக் குழலின் சுருள் பள்ளங்களோடு அழுத்திச் சுழலவைக்கிறது. குண்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்புவது குழல்வாயின் விளிம்பு. விளிம்பு சுற்றிலும் ஒன்றுபோல் இருந்தால், பின்னால் வரும் காற்று எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் விடுபடும். ஓரிடத்தில் பழுது இருந்தால் அங்கே காற்று முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டின் வாலை உதைக்கிறது. ஒவ்வொரு குண்டின் பாவாடையும் நூலிழை வேறுபடுவதால் உதையும் ஒவ்வொரு முறை வேறாகிறது.

காரணம் தெரிந்த உற்சாகத்தில் ஒரு தவறு செய்தோம். மின் துளைப்பானில் கூம்பு அலகை மாட்டிக் குழல்வாயை நாங்களே சீவினோம். கை சற்றுச் சாய்ந்தது. விளிம்பு ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் மேலாகவும் வெட்டுப்பட்டு, சிதறல் முன்னிலும் பெரிதாயிற்று. அன்று எங்கள் கைதான் ஆடியது. யாரும் எங்களைச் செங்கல் பிடிக்கச் சொல்லவில்லை.

பிறகு குழலை மட்டும் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் முனையில் இரண்டு மில்லிமீட்டர் சீவி, முகத்தைச் செங்குத்தாக்கிக் கொடுத்தார். மீதி வேலைக்கு அவர் சொன்ன வழி எளியது. உருண்டைத் தலையுள்ள பித்தளைத் திருகாணி ஒன்று. தலை குழல்வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதைக் கையால் சுற்றும் துளைப்பானில் பொருத்தி, தலையில் மெக்கானிக்குகள் வால்வு தேய்க்கும் பசையைப் பூசி, குழல்வாயில் வைத்து, துளைப்பானை நாற்புறமும் மெல்லச் சாய்த்தபடி சுற்ற வேண்டும். கோளம் தன் மையத்தைத் தானே தேடிக்கொள்கிறது. எங்கள் கை நடுங்கினாலும் அதற்குக் கவலையில்லை. பசை உள்ளே இறங்காதிருக்கக் குழலுக்குள் துணி அடைத்தோம். பிற்பாடு பசையின் சுவடே இல்லாமல் துடைத்தோம். விளிம்பில் சீரான மெல்லிய வெள்ளி வளையம் தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். இன்னும் கொஞ்சம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவதுதான் இந்த வேலையில் கடினம்.

மாணவியை வரவழைத்தோம். இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா கிடத்தச் சொன்னோம். வில் வகைத் துப்பாக்கி, குண்டு வெளியேறும் முன்பே குலுங்கத் தொடங்கிவிடும். இறுக்கினால் அந்தக் குலுக்கல் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாகும். இதையும் நாங்கள் அப்போதுதான் கற்றிருந்தோம். ஐந்து குண்டுகள் சுட்டார். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முந்தைய பயிற்சியில் தம் குண்டு மையத்தை விட்டு வெகுவாக விலகியதைத் தன்வரலாற்றில் சொல்கிறார். அவர் தம் கையைச் சந்தேகிக்கவில்லை. பார்வைக்குறியைத் திருத்திக்கொண்டு சுட்டார். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய மையம் அரை மில்லிமீட்டர்தான். தன் கை எது, கருவி எது என்று பிரித்தறியும் துணிவு பயிற்சியாலும் வசதியாலும் வருவது. எங்கள் மாணவிக்கு அதை நாங்கள் அல்லவா தந்திருக்க வேண்டும்?

திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அதிலொரு குறளில் அடுத்தடுத்து வரும் மூன்று சுட்டுகளுக்கு வினை, கருவி, செய்பவன் என்று பரிமேலழகர் உரை காண்கிறார். வினையையும் செய்பவனையும் விரித்துப் பேசிவிட்டு, கருவியை ஒரு சொல்லில் கடந்துபோவதே எங்கள் பழக்கம். தேர்விலும் யாரும் அதைக் கேட்பதில்லை.

மாணவி அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறுதியாண்டு, அணித்தேர்வு முடிந்துவிட்டிருந்தது. மகிழ்வார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவர் கேட்டது வேறு.

"அப்போ அன்னைக்கும் என் கை ஆடலையா சார்?"

"இல்லைம்மா" என்றோம். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. அட்டையை மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போனார்.

இப்போது ஒவ்வொரு ஜூன் மாதமும், மாணவர்கள் வருவதற்கு முன், இரண்டு குழல்வாய்களிலும் பஞ்சைச் சுழற்றிப் பார்க்கிறோம். யார் எப்போது சேர்ந்தாலும் இரண்டு துப்பாக்கிகளையும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். சுவரில் மரச்சட்டம் அடித்து, வாய் மேல்நோக்கி நிற்கும்படி வைத்திருக்கிறோம்.