ஆடிட் நாளில் சொல்லிக்கொடுத்த பதில்

2004-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஷிப்மென்ட் நெருங்கினால் எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட். சில நாள் விடிய விடிய.

தொழிலாளர் நிலைமையைச் சோதிக்கும் ஆடிட் வரும் செய்தி முந்தின நாளே எங்களுக்கு எட்டிவிடும். பின்வாசலை அடைத்துக் கிடந்த அட்டைப்பெட்டிகளை அப்புறப்படுத்துவோம். முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு வரும். அதன் பிறகு என் வேலை தொடங்கும். டேபிள் டேபிளாகப் போய்ப் பதில் சொல்லிக்கொடுப்பேன். "ஓவர்டைம் எப்பவாச்சும்தான், அதுக்கு டபுள் சம்பளம்னு சொல்லீருங்க."

செக்கிங்கில் இருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, சொல்லீர்றேன். சனிக்கிழமை அந்தக் காசு கைக்கு வருமுங்களா?"

நான் சிரித்து மழுப்பினேன். மறுநாள் நான் பக்கத்திலேயே நிற்க, அவர் ஆடிட்டரிடம் அப்படியே ஒப்பித்தார். ஆடிட்டில் தேறினோம். தீபாவளிக்கு எனக்குக் கூடுதல் போனஸ் கிடைத்தது. ஓவர்டைமுக்கும் அக்காவுக்கு ஒற்றைச் சம்பளம்தான். பதில் சொல்லிக்கொடுப்பதைத் திறமை என்று நினைத்த வயது அது.

நாங்கள் எதை மறைத்தோமோ அதைத்தான் அமெரிக்க மாணவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள் என்பதை வேலையை விட்ட பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1999-ல் டியூக், ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாக அலுவலகங்களுக்குள் உட்கார்ந்து போராடினார்கள். எங்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டை எந்தத் தொழிற்சாலையில் தைக்கப்படுகிறது, முகவரியை வெளியிடுங்கள் என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கை. தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு என்ற கண்காணிப்பு அமைப்பு 2000-ல் உருவானது. அதன் ஆட்கள் தொழிலாளர்களைக் கம்பெனிக்கு வெளியே சந்தித்துப் பேசுகிறார்கள். எங்கள் அக்காவிடம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாராவது கேட்டிருந்தால், நான் சொல்லிக்கொடுத்த பதிலா வந்திருக்கும்?

ஹோண்டுராஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தொழிலாளர்கள் சங்கம் வைத்த தொழிற்சாலை ஒன்றை, கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகளைத் தயாரித்த ரஸ்ஸல் நிறுவனம் 2009 ஜனவரியில் மூடியது. மாணவர்கள் விடவில்லை. ஏறக்குறைய நூறு பல்கலைக்கழகங்கள் அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்தன. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. புதிய தொழிற்சாலை திறக்கவும், வேலை இழந்த சுமார் 1,200 பேருக்கு மறுபடி வேலை தரவும் சங்கத்தோடு உடன்பாடு ஆனது. நெஞ்சில் அச்சாகும் பெயர் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். அந்தப் பெயரைத் தர மாட்டோம் என்றால் எவ்வளவு பெரிய கம்பெனியும் அசையும். ஆனால் வாங்குகிற கம்பெனி அடிமாட்டு விலைக்கும் பத்தே நாளில் சரக்குக்கும் ஆர்டர் போட்டுவிட்டு, இரவு வேலை கூடாது என்று விதி மட்டும் அனுப்பினால் டேபிளில் இருப்பவருக்கு அதனால் பயன் இல்லை. அந்த நெருக்கடியை நான் கண்ணால் கண்டவன்.

போன வருஷம் அந்த அக்காவைத் தேடிப் போனேன். பார்வை மங்கிவிட்டது. அன்று பொய் சொல்ல வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட, அதையெல்லாம் இன்னும் வச்சுட்டா இருக்கறீங்க? காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் படித்தால், கல்லூரிக் கடையில் சட்டை வாங்கும்போது அது தைக்கப்பட்ட தொழிற்சாலையின் முகவரியையும், அங்கே தைக்கிறவர்களைக் கம்பெனிக்கு வெளியே சந்தித்துப் பேசியவர் யார் என்பதையும் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.