எங்க வீட்டு மீனா

போன மாதம் அறிவியல் பீரியடில் டீச்சர், "யார் யார் வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறீங்க?" என்று கேட்டார். 6 பேர் கை தூக்கினோம். நான்தான் முதலில் தூக்கினேன், பெருமையாக. "6 பேர் வீட்டிலும் சட்டப்படி குற்றம்" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாத்தா இறந்த வருடம் மாமா சந்தையில் 300 ரூபாய்க்கு வாங்கி வந்த கிளி மீனா. யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா அதோடுதான் பேச ஆரம்பித்தார். காலையில் "அப்பத்தா, காபி!" என்று அது கத்தினால்தான் எங்கள் வீடு எழுந்திருக்கும். (அது காபி குடிக்காது. சும்மா சொல்லும்.)

இன்டர்வெல்லில் டீச்சரிடம் தனியாகக் கேட்டேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2022-இல் அதைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நம்ம பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 3 வருடம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில், அதற்கு இன்னும் கடுமை. லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டுப் பறவை, அதனால் அதை வளர்க்கலாமாம். "காசு கொடுத்துத்தானே டீச்சர் வாங்கினோம்?" என்றேன். "வித்தவனும் தப்பு, வாங்கினவங்களும் தப்பு" என்றார்.

வீட்டில் சொன்னேன். "ஊரே வளக்குது, நம்மளத்தான் பிடிக்கப் போறாங்களா?" என்றார் அப்பா. 2023-இல் ஒரு சினிமா நடிகர் வீட்டில் 2 கிளிகளுக்கு இரண்டரை லட்சம் அபராதம் போட்டதை அம்மா ஞாபகப்படுத்தியதும் அப்பா பேசவில்லை. அப்பத்தா மட்டும், "மீனாட்சி அம்மன் கையில கூடத்தான் கிளி இருக்கு. அவளையும் ஜெயில்ல போடுவாங்களாடி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ராத்திரி படுத்திருக்கும்போது டீச்சர் சொன்ன மற்றதையும் அப்பத்தாவிடம் சொன்னேன். மரப்பொந்தில் கையை விட்டு, இறகு முளைக்காத குஞ்சுகளைத்தான் எடுப்பார்களாம். நிறைய குஞ்சு வழியிலேயே செத்துப் போகுமாம். பிழைத்ததற்கு இறக்கையை வெட்டி விடுவார்களாம். அப்பத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்கிட்டாங்க என்று நினைத்தேன். "அப்ப இதோட ஆத்தாக்காரி வந்து தேடியிருப்பாள்ல?" என்று கேட்டார்.

கூண்டைத் திறந்து விட்டுடலாம் என்றார் அப்பா. டீச்சர் கூடாது என்றார். இறக்கை வெட்டிய கிளி பறக்காது, காக்காவோ பூனையோ பிடித்துவிடும். அதனால் கூண்டின் மேல் அப்பத்தாவின் பழைய சேலையைச் சுற்றி, வனத்துறை ஆபீசுக்கு எடுத்துப் போனோம். பயந்துகொண்டேதான் போனோம். நாங்களாகவே கொண்டுவந்ததால் கேஸ் எதுவும் போடவில்லை. இறகு முளைக்கப் பல மாதம் ஆகும், நல்லாப் பறந்தால் விடுவோம், இல்லாவிட்டால் இங்கேயே இருக்கும் என்றார் அந்த சார். அப்பத்தா அவரிடம், "கொய்யாப்பழம்னா கொட்டையோட குடுங்க தம்பி" என்றார். நாங்கள் திரும்பியபோது மீனா "காபி" என்று கத்தியது. அப்பத்தா திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது தினமும் காலையில் அப்பத்தா மொட்டை மாடியில் கம்பு போடுகிறார். இதுவரை காக்காவும் அணிலும்தான் வருகின்றன. கை தூக்கிய மற்ற 5 பேரில் 2 பேர் அந்த ஆபீசுக்கு வழி கேட்டார்கள். 3 பேர் என்னோடு பேசுவதில்லை.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி