முதலில் தாள், பிறகு படக்கருவி

மாணவர் சிலர் கூடி ராக் இசைக் காணொளி ஒன்றைப் படைக்க விழைந்தால், அவர்கள் முதலில் தேடுவது படக்கருவியையே. தேட வேண்டியவையோ தாளும் எழுதுகோலும் ஆகும்.

1965ஆம் ஆண்டில் இலண்டன் சவாய் விடுதியின் பின்புறச் சந்தில் பாடகர் பாப் டிலன் நின்றார். பாடலின் சொற்கள் எழுதப்பெற்ற அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக் கீழே போட்டார். ஒரே படக்கருவி, ஒரே தொடர்காட்சி. அரங்க அலங்காரம் ஏதும் இல்லை. ஆயினும் அப்படம் இன்றும் பேசப்படுகிறது. காரணம் யாது? அட்டைகள் நண்பர்களின் துணையோடு முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தன. எண்ணமே அங்கு மூலதனமாயிற்று.

மாணவரும் பாடலைக் கடிகாரத்தோடு கேட்டு, எந்த நொடிக்கு எக்காட்சி எனக் கட்டம் கட்டமாக வரைந்துகொள்ளல் வேண்டும். பதிவுசெய்த பாடலைப் படப்பிடிப்பின்போது ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டால்தான், பாடுவோர் உதடும் கித்தார் மீட்டுவோர் விரலும் டிரம் அடிப்போர் கையும் இசையோடு பொருந்தும். பிறர் பாடலாயின் உரியவரிடம் இசைவு பெறுதல் கடன்.

திட்டமில்லாக் குழுவில் உரக்கப் பேசுவோன் சொல்லே சட்டம். விளக்குப் பிடிப்பவன் நாள் முழுதும் காத்து நின்று சலிப்பான். தாளில் அவன் பெயரும் பணியும் நேரமும் இடம்பெற்றுவிட்டால், அவனும் படைப்பாளியே. அத்தாளை ஆசிரியரே எழுதித் தருதல் ஆகாது. வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை மனனம் செய்து ஒப்பிப்பதினும், ஒருநாள் செய்து பார்த்து உணர்வது பெரிதன்றோ?