கடலை விட்டு உள்ளே போன மனிதர்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள்.

தம்பியின் கெஸ்ட் ஹவுஸில் வருடா வருடம் வந்து தங்கும் ஓர் அவுஸ்திரேலியக்காரர் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். நாம் சுபஹ் தொழுதுவிட்டு வீடு திரும்பும் நேரம் அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு பொயின்ட்டுக்குப் போவார். இந்த முறை நாலு நாள் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. வேலையில்லாமல் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவரிடம், "உல்லையை விட நல்ல அலை வேறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். சும்மா கதைக்குக் கேட்டதுதான். அது மூன்று மாலைக் கதையாகிவிட்டது.

எல் சல்வடோர் என்றார். மத்திய அமெரிக்காவில் பசிபிக் கடலைப் பார்த்த சின்ன நாடு. நம் நாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அங்கே லா லிபர்டாட் என்ற ஊரில் புன்டா ரோகா என்று ஒரு முனை. நம் பொயின்ட் போலவே அலை வலப்பக்கமாக நீளமாக ஓடுமாம். ஆனால் அடியில் மணல் இல்லை, உருண்டைக் கற்கள். நாலு சீசன் அங்கே போயிருக்கிறார். "எந்த இடத்தில் எந்தக் கல் என்று எனக்குத் தெரியும்" என்றார். தெரிந்த கல்லே ஒருநாள் பாதத்தைக் கிழித்துவிட்டது. இரண்டு கிழமைக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். சும்மா இருக்க முடியாமல் பஸ் ஏறியிருக்கிறார்.

அங்கே ஓடும் பஸ்களில் பல, அமெரிக்காவில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் பழசாகிப்போன பஸ்களாம். வண்ணம் பூசி, உள்ளே பாட்டுப் போட்டு ஓட்டுகிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

முதலில் போனது ஹோயா டி செரென். ஏறக்குறைய 1400 வருடங்களுக்கு முன், நம் ஹிஜ்ரத் நடந்த காலத்தை ஒட்டி, பக்கத்து எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்துபோன சின்ன விவசாயக் கிராமம். 1976இல் தானியக் களஞ்சியம் கட்ட மண் வெட்டும்போது அகப்பட்டது. அரண்மனையும் இல்லை, கோபுரமும் இல்லை. குடிசை, பாய், பானைக்குள் அவரை விதை, சாப்பிட்ட கோப்பையில் விரல் வழித்த தடம். ஊருக்குள் ஒரு மனித உடலும் கிடைக்கவில்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். வெளியே வயலில் சோளனும் மரவள்ளியும் நட்ட தடம் இருக்கிறது.

சோளன் என்றதும் நான் நிமிர்ந்தேன். சோளனும் மரவள்ளியும் நம்முடையது என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்! இரண்டும் அந்தக் கண்டத்துப் பயிர்கள். பப்பாசியும் அப்படித்தான். நாம் கொச்சிக்காய் என்று கொச்சியின் பெயரில் கூப்பிடுகிற மிளகாயும் அங்கிருந்து கப்பலேறி வந்ததுதான். ஆனால் சோளனைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, இரவு ஊற வைத்து, தோலைக் கழுவி அரைக்கிற அவர்களின் வித்தை கப்பலேறவில்லை. அப்படிச் செய்தால்தான் சோளனிலுள்ள ஒரு விற்றமின் உடம்பில் சேரும். அந்த வித்தையை விட்டுவிட்டுச் சோளனை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில், அதையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்துப் புத்தி கலங்கும் நோய் வந்தது. அந்த மாவில்தான் பூபூசா தட்டுகிறார்கள், உள்ளே அவரையும் சீஸும் வைத்து. பன்றி இறைச்சி வைப்பதும் உண்டு, யாரும் அங்கே போனால் கேட்டுச் சாப்பிடுங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த உம்மா தன் வெற்றிலைத் தட்டத்திலிருந்த சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்து அவித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். அரைத்துத் தட்டியதில் இரண்டுதான் உடையாமல் வந்தது. "தேங்காப்பூ போட்டா ரொட்டி. இது என்ன மகன்?" என்றார் உம்மா.

மூன்றாம் நாள் கதை வேறு. கால் ஆறும்வரை போய்க்கொண்டே இருந்தவர், ஹொண்டூராஸ் எல்லைப் பக்கம் மொராசான் மலைக்குள் எல் மொசோட்டே என்ற ஊரில் இறங்கியிருக்கிறார். 1981 டிசம்பரில் அந்நாட்டு இராணுவம் அங்கேயும் சுற்றுக் கிராமங்களிலும் ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கொன்றது. ருபினா அமாயா என்ற பெண் தப்பினார். கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். அடுத்த மாதமே அவர் சொன்னது அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தது. இரண்டு அரசாங்கங்களும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றன. போர் முடிந்த 1992இல் ஆலயத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தைத் தோண்டியபோது நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர்களின் எலும்புகள். இப்போது அங்கே பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள்.

"நாலு சீசன் போயும் அந்த ஊரின் பெயரே நான் கேள்விப்படவில்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆறு வருடமாக இங்கேயும் வருகிறேன். இங்கே உள்ளே என்ன இருக்கிறது?"

காத்தான்குடிப் பள்ளிச் சுவரைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் உடனே வாயில் எதுவும் வரவில்லை. வருகிறவர்களிடம் அறை வாடகையும் ஆட்டோக் கூலியும்தானே பேசிப் பழகியிருக்கிறோம். என் தரம் 9 பிள்ளைகளுக்குப் பலகை வாடகை தெரியும். தங்கள் மூத்தப்பா எந்தக் காட்டை வெட்டிச் சேனை செய்தார் என்று கேட்டால் தெரியாது. நான் படிப்பிக்கவில்லை, குற்றம் அவர்களுடையது அல்ல.

சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வாப்பாவின் பழைய சேனைக்குப் போனேன். 1990இல் விட்டு வந்த காணி. நான் போயே பன்னிரண்டு வருடமாகிறது. பரண் இருந்த மரம் மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் பற்றை. பக்கத்துச் சேனைக்காரர்கள் யார் என்று கேட்டார். முஸ்லிம்களும் தமிழர்களும் கலந்து இருந்தார்கள். எனக்கு நாலு பெயர்தான் ஞாபகம் வந்தது. உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். மூச்சு விடாமல் பதினொரு பெயர் சொன்னார். இரண்டு பேர் காணாமல் போனவர்கள் என்றார். அவ்வளவு நாளும் எனக்கு அதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பதினொன்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் சேனை செய்த குடும்பங்களைத் தெரிந்தவர்கள், யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், எனக்குச் சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்று மஃரிபுக்குப் பிறகே கேளுங்கள். உம்மாவுக்கு எண்பத்திரண்டு.