உம்மம்மாவின் கைத்தொலைபேசி

வயது போனால் பிள்ளைகளோடு போய் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என் உம்மம்மா அப்படி நினைப்பதில்லை. சோனகத் தெருவில் தன் சொந்த வீட்டில் தனியே இருக்கிறார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதன் பிறகு உம்மம்மா புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்தார். யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டில் ஓர் அறையை மட்டும் திருத்திக் குடியேறினார். பெரியம்மாமார் இன்னும் புத்தளத்தில்தான். நாங்கள் நகரின் மறுபக்கத்தில் வாடகை வீட்டில். யார் கூப்பிட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "ஒருக்கா விட்டிட்டுப் போன வீடு. இனி மவுத்தாகித்தான் போவன்."

வெளிநாட்டிலுள்ள மாமா, வீட்டுக்குள் கமெரா பூட்டினால் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உம்மம்மா மறுத்துவிட்டார். "என்ட வீட்டுக்குள்ளயும் நான் முக்காட்டோட இருக்கோணுமா?" அவர் கேட்டது நியாயம். தனியாக வாழ உதவுவது வேறு, காவல் இருப்பது வேறு.

ஆகவே அவர் விரும்பியபடியே ஒழுங்கு செய்தோம். சுபஹுத் தொழுகை முடிந்ததும் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அவரது குரல் வரும்: "அஸ்ஸலாமு அலைக்கும், எழும்பிட்டன்." ஆறரைக்குள் வராவிட்டால் பக்கத்து வீட்டுச் சாச்சி கதவைத் தட்டுவார். எழுத்துகளைப் பெரிதாக்கினோம். அழைக்க வேண்டியவர்களின் பெயரோடு படத்தையும் சேர்த்தோம். பிரஷர் குளிசைக்கும், போதனா வைத்தியசாலை கிளினிக் நாளுக்கும் மணி அடிக்கும்.

கடைசியாக, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இலக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்த 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. "மறந்துபோக மாட்டீங்கதானே?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த இலக்கத்த நான் எப்படி மறப்பன், மகள்?" என்றார்.

கடந்த ரமழானில் ஓர் இரவு தலைசுற்றி விழப்போனபோது, அவரே அந்த இலக்கத்தை அழுத்தினார். அம்புலன்ஸ் வந்தது. இரண்டு நாளில் வீடு திரும்பினார். முன்பு வீட்டை விட்டுப் போக வைத்த ஆண்டு, இப்போது அதே வீட்டில் இருக்க உதவும் இலக்கமாகியிருக்கிறது.

2012 குடிசன மதிப்பீட்டின்படியே நம் நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இப்போது இன்னும் கூடியிருக்கும். அவர்களுக்குப் புதிய கருவி வாங்கிக் கொடுப்பது இலேசு. பக்கத்தில் இருந்து, பத்துத் தரம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுப்பதுதான் நம்முடைய வேலை. அதற்கும் முன்னர், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.