அறையில் யார் இருந்தார்கள்?

என் லாத்தா (அக்கா) மகளிடம் நான் தெரிந்தே ஒரு பொய் சொன்னேன். அவள் பிளஸ் ஒன்னில் உளவியல் படிக்கிறாள். பள்ளி புராஜெக்டுக்காக, வெள்ளத்தின்போது ஊர் மக்கள் பட்ட பயத்தைப் பற்றி வீடுவீடாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எந்த வெள்ளம் என்று காயல்பட்டினத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18. இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிடக் கூடுதல்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா, சாச்சி?"

பக்கத்தில் உம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். "பயம் என்ன பயம், அல்லாஹ் இருக்கான்" என்றேன். உம்மா தலையாட்டினார். பிள்ளையும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

உண்மையில் அன்று இரவு மாடிப்படியில் உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் படிக்கு ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை நடுங்கியது. மேலே உம்மாவிடம் போய், "ஒண்ணுமில்லம்மா, வடிஞ்சிரும்" என்று விடிய விடியச் சொன்னவள் நான். அவர் முன்னால் இப்போது எப்படி மாற்றிச் சொல்வேன்?

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தாள். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்கக் கூடாது என்று டீச்சர் தாளைத் திருத்தச் சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை கொல்லைப்புறத்தில், பெண்கள் நடமாடும் முடுக்குச் சந்துப் பக்கம் தனியாக இருந்தோம். "அன்னைக்கு ராத்திரி என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். படி, டார்ச், நடுக்கம் எல்லாம் தானாக வந்தன.

கேள்வியில் இருக்கும் ஒரே ஒரு வார்த்தை, பதிலை எவ்வளவு இழுக்கும் என்பதை அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் காட்டினார்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் போட்டு, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டால் சராசரிப் பதில் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், 'தொட்டபோது' என்று கேட்டால் 31.8. படம் ஒன்றுதான், வினைச்சொல்தான் வேறு.

நல்ல கேள்வியைத் தனியாகக் கேட்டாலும் ஞாபகம் என்று ஒன்று இருக்கிறதே. வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்தது என்பார் உம்மா. முழங்கால்தான் என்பேன் நான். பிள்ளை டேப்பை எடுத்து, கூடத்துச் சுவரில் இன்னும் அழியாத சேற்றுக் கறையை அளந்தாள். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, இடுப்புக்கு நன்றாகக் கீழே. இரண்டு பேரும் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தோம்.

ஞாபகம் இப்படித் தவறுவது எங்கள் வீட்டில் மட்டுமல்ல. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் எழுதி வாங்கிவைத்தார்கள். இரண்டரை வருஷம் கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, 11 பேர் சொன்னது பழைய தாளோடு எதிலுமே ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பலர் அடித்துச் சொன்னார்கள். அதனால் சம்பவம் நடந்த சூட்டில் எழுதிய தாளோ, சுவர்க் கறையோ, மழைமானிக் கணக்கோ கிடைத்தால் விடாதீர்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் உண்டு. பகலில் கதவைத் தட்டினால் எங்கள் தெருவில் பெரும்பாலும் பெண்களும் வயசானவர்களும்தான் இருப்பார்கள். ஆண்கள் பலர் சென்னையிலோ வெளிநாட்டிலோ. அவர்களில் சிலர், வீட்டுக்குப் போன் போகாமல் அங்கே தவித்தவர்கள். அந்தப் பயம் இந்தத் தாளில் ஏறாது. மாடி இருக்கிற வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு 'காயல் மக்கள்' என்று எழுதவும் முடியாது.

என் இரண்டாவது பதிலையும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. "நீங்க சொந்தக்காரங்க சாச்சி. உங்க முதல் பதிலும் எனக்குத் தெரியும்" என்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவள் செய்தது சரி.

இப்படிப்பட்ட வேலையில் இறங்கும் பிள்ளைகளுக்கு, பதில் சொன்னவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தாளில் பெயர் வேண்டாம். வயசு, படிப்பு கேட்கிற இடத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: கேட்டபோது அறையில் வேறு யார் இருந்தார்கள்?